கேள்வி எழுதிய உறைகள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். அப்படியிருக்க, என் நாத்தனார் என்னைக் கேட்காமல் சமையலறைச் சுவரில் கயிறு கட்டினால் நான் சும்மா இருப்பேனா? துணி காயப்போடவும் இல்லையாம். தண்ணீர் வரி ரசீது, என் சின்ன மகளின் தடுப்பூசி அட்டை, காஸ் புத்தகம் எல்லாவற்றையும் துணி கிளிப்பில் மாட்டித் தொங்கவிடத்தானாம். வேலையை முடித்தவர்தான் கிளிப்பைக் கழற்ற வேண்டும், மற்றவர் தொடக்கூடாது என்று சட்டம் வேறு. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குக் கிளிப்பு என்றே பெயர்.

அவள் என் கணவரின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறாள். வண்டி லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் கவுன்ட்டர் வேலை. அண்ணனும் தங்கையும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். என் வீட்டுக்காரர் பெயிண்டர். அவர் ஒரு காகிதத்தைப் பத்திரப்படுத்தினால் அது அவருக்கே கிடைக்காது. வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை காலி பெயிண்ட் டப்பாவுக்குள் வைத்து, அந்த டப்பாவையே வேலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் மகராசன். எந்த வீட்டில் விட்டாரோ, இன்றுவரை துப்பில்லை.

அந்தக் கூத்துக்குப் பிறகுதான் கிளிப்பு ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே வரிசையாகப் பழுப்பு உறைகள். மருத்துவம், பள்ளி, வீடு என்று எழுதியிருப்பாள் என்று பார்த்தால், ஒவ்வொரு உறையிலும் ஒரு கேள்வி. "குழந்தை எப்பப் பிறந்தது?" "வீடு யார் பேர்ல இருக்கு?" "போன தடவை எப்பக் கட்டினீங்க?"

"என்னடி இது, வீட்டுல பரீட்சை வைக்கப்போறியா?" என்றேன்.

"கவுன்ட்டர்ல தினமும் பாக்குறேன் அண்ணி. பை நிறைய காகிதம் கொண்டு வருவாங்க. நான் கேட்டது மட்டும் கைக்கு வராது. பதட்டத்துல எது எந்தத் தலைப்புல இருக்குன்னு யோசிக்க முடியாது. கேட்ட கேள்வி மட்டும்தான் காதுல நிக்கும். அதையே எழுதி வச்சுட்டேன்."

கெட்டிக்காரிதான் என்று மனசுக்குள் நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லவில்லை, அப்புறம் கூடத்திலும் கயிறு கட்டிவிடுவாள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, என் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவர் போன் செய்தார். சாரத்திலிருந்து விழுந்துவிட்டாராம், கம்பி காலைக் கிழித்துவிட்டதாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்களாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளிப்புக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் போன் மேஜை டிராயரில் பூட்டிக் கிடக்கும். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

அவர் அரை மயக்கத்தில் கிடந்தார். காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டார்கள். நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"இவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதாம்மா?"

ஒத்துக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் ஏதோ ஒரு ஊசி போட்டு, தொண்டை வீங்கி, மூச்சு விட முடியாமல் துடித்தார். செத்துப் பிழைத்த மனிதர். ஆனால் அந்த மருந்தின் பெயர்? எனக்கு வரவில்லை. அவரை உலுக்கினேன், உளறினார். நர்ஸ் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தேன். நர்ஸ் கேட்ட அதே கேள்வி, மூன்றாவது உறையில். "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" அதற்குக் கீழே பென்சிலில் இன்னும் இரண்டு வரி இருந்தது. மற்ற உறைகளில் அப்படி எதுவும் கிடையாது.

"அண்ணி, கை நடுங்கும். நடுங்கட்டும். தேடாதீங்க, மேலே இருக்கிற தாளை அப்படியே குடுங்க."

கொடுத்தேன். மருந்தின் பெயர் இருந்த அந்தப் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை, அங்கே வந்த டாக்டர் வாங்கிப் படித்தார். நர்ஸின் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். "அதைக் கீழே வைங்க. வேற மருந்து போடலாம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஊசி இறங்கியிருந்தால் இன்றைக்கு நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கமாட்டேன்.

மதியம் போனை எடுத்து விஷயம் தெரிந்ததும் கிளிப்பு மூச்சிரைக்க ஓடி வந்தாள். அண்ணன் கண் விழித்துத் தண்ணீர் கேட்டதைச் சொன்னேன். பிறகு உறையை நீட்டினேன். பென்சில் எழுத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதுல மட்டும் எதுக்குடி எழுதின?"

"மத்த உறைக்கெல்லாம் நான் கூட வந்துடுவேன் அண்ணி. இந்தக் கேள்வியை மட்டும் நான் இல்லாத நேரத்துல, உங்க ஒருத்திகிட்டதான் கேப்பாங்கன்னு தோணுச்சு. நீங்க தனியா நின்னு தவிப்பீங்களேன்னு நெனச்சேன்."

அவள் தோளைப் பிடித்து இழுத்துக் கட்டிக்கொண்டேன். வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதேன்.