இன்னும் கொஞ்சம் இருட்டு

சபையில் தையல்காரி சாட்சி சொல்ல எழுந்தால், பின்வரிசைக்காரர்கள் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். அவள்தான் என்ன செய்வாள்? கணவர் பிளம்பர். மாடித் தொட்டிக்குக் குழாய் மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தார். தலையில் அடி. வலப்பக்கம் செயலிழந்தது, பேச்சும் போயிற்று. உயிர் பிழைத்தாரே, ஸ்தோத்திரம் என்று முடிப்பாள். அவ்வளவுதான் அவளிடம் இருந்த கதை.

அந்த வருஷம் போதகர் சபைக்கென்று ஒருவனை வேலைக்கு வைத்தார். காமிரா, விளக்கு, வீடியோ எல்லாம் அவன் பொறுப்பு. மீடியா தம்பி என்று கூப்பிட்டார்கள். சாட்சி சொல்கிறவர்களுக்குப் பயிற்சியும் அவனே கொடுத்தான்.

"விழுந்தாரு, பொழச்சாரு. சரிக்கா. அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி என்ன? வேலைக்குப் போவாரு, வருவாரு."

"குடிப்பாரா?"

"சேச்சே. டீயே அரை கிளாஸ்தான்."

"கை நீட்டுவாரா?"

அவள் யோசித்தாள். "ஒருதரம் தட்டை விட்டெறிஞ்சாரு. உப்பு இல்லேன்னு."

அவன் முகம் மலர்ந்தது. "அதான்க்கா! இருட்டைக் காட்டினாத்தானே வெளிச்சம் தெரியும்? தட்டு எங்க பட்டுச்சு?"

"சுவத்துல."

"உங்க மேல பட்டிருந்தா?"

"பொய்யில்லையா தம்பி?"

"ஜனங்களுக்கு உறைக்கிற மாதிரி சொல்றதுதான்க்கா. நாலு ஆத்துமா தொடப்பட்டா நல்லதுதானே?"

ஞாயிறன்று விளக்கை மங்கலாக்கினார்கள். தட்டு அவள் நெற்றியில் பட்டது. பேசப் பேச பாட்டில் வந்தது, பெல்ட் வந்தது. "அடிச்ச கையைக் கர்த்தர் கட்டிப்போட்டார்" என்று முடித்தாள். அந்த வரியை மீடியா தம்பிகூடச் சொல்லித்தரவில்லை. ஒருவரும் எழுந்து போகவில்லை. பெண்கள் விம்மினார்கள், வரிசையில் நின்று அவளைக் கட்டிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் அளவு கொடுக்க வந்தவர்கள், அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

முன்வரிசையில், சக்கர நாற்காலியில், அவர் இருந்தார். காது நன்றாகவே கேட்கும்.

மற்ற சபைகள் கூப்பிட்டன. "அவரையும் மேடையேத்துங்க, ஆளைப் பாத்தாத்தான் நம்புவாங்க" என்றார் போதகர். மூன்றாவதாகப் போன சபையில், பெல்ட் வந்ததும் அவர் இடது கையால் நாற்காலியை ஓங்கி அறைந்தார். வாய் கோணி, எச்சில் வழிய, "ல்ல... ல்ல..." என்று கத்தினார்.

போதகர் மைக்கை அவர் வாயருகே கொண்டுபோனார். "கேக்குதா? அல்லேலூயா சொல்லப் பாக்குறாரு!"

மண்டபமே எழுந்து கைதட்டியது. மீடியா தம்பி காமிராவோடு முழங்காலில் நின்று அவர் கண்ணீரைப் பிடித்தான்.

அது 'இல்லை' என்ற சொல் என்று தையல்காரிக்குத் தெரியும். எல்லோரும் பார்க்க அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

வீட்டில் கரண்டியை நீட்டியபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"என்ன ரோஷம்? உங்களுக்குப் பீ மூத்திரம் அள்ளுறது யாரு? அரைமணி நேரம் சும்மா உக்காந்திருக்கக் கசக்குதா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் அவர் மூக்கைப் பிடித்தாள். திறந்தது. ஊட்டினாள்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வீடியோவைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"ஏம்மா, அப்பா உன்னை அடிச்சாரா? நான் ஒருநாளும் பாத்ததில்லையே?"

அவர் கட்டிலிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நீ தூங்கினப்புறம்தான்டி அடிப்பாரு."

மகள் வெகுநேரம் அழுதாள். "அந்த ஆளுக்கா இன்னும் ஊட்டிவிடுற?"

"மன்னிச்சுட்டேன்டி" என்றாள். சொல்லும்போது அவளுக்கே கண்ணீர் வந்தது.

எப்போது பேசினாலும், போனை அப்பா காதில் வை என்று கேட்கிறவள் அந்த மகள். அன்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவே இல்லை.