அறுபதாவது நாய்

அறுபதாவது நாயின் பெயர் பமாச். உள்ளே வந்ததும் என் காலணியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது. அதை அழைத்து வந்த வில்மா, டிராமில் டிக்கெட் பரிசோதகர் என்று படிவத்தில் எழுதியிருந்ததைப் படித்ததும் என் உதடு தானாகக் கோணியது. புடாபெஸ்டில் பரிசோதகர்கள் கையில் மாட்டும் அந்தக் கைப்பட்டையைக் கண்டாலே எல்லோருக்கும் அப்படித்தான். டிக்கெட்டில் துளை போடுபவள் விஞ்ஞானத்துக்கு என்ன செய்துவிடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. மேசை மேல் பப்ரிகா மிளகாய் போட்ட இறைச்சி சாசேஜ் ஒரு துண்டு. "தொடாதே" என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். நான் அதை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, நாய் தின்றுவிட்டதாகப் பொய் சொல்வேன். அவர் உள்ளே வந்து திட்டுவார்; மூலையிலிருக்கும் கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்யும். நாயின் காது படுக்கும், பார்வை விலகும், வால் கால்களுக்கு நடுவே போகும். இதுவரை ஐம்பத்தொன்பது பேரும் ஒரே வசனம்தான் பேசினார்கள்: "மூஞ்சியப் பாருங்க, தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது!" ஒரு பல் டாக்டர் இதைச் சொல்லிவிட்டுக் கண்கலங்கினார். நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாய்க்காவது குற்ற உணர்ச்சியாவது," என்று என்னிடம் சொல்வார், என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் கெரென்சேர். "ஓநாய்க் கூட்டத்துல பெருசு முறைச்சா சிறுசு தலையக் குனியும், கடி வாங்காம தப்பிக்க. அவ்வளவுதான் எமெஷெ. மனுஷன் அதே குனியலுக்குப் பெயின்ட் அடிச்சு மனசாட்சின்னு பேர் வச்சுட்டான்." எனக்கு இந்த வாக்கியம் பிடித்திருந்தது. என் ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே இதைப் போட எண்ணியிருந்தேன். திங்கட்கிழமை அதைக் கொடுத்தாக வேண்டும். அறுபதில் ஒரு நாய் குறைந்தாலும் இன்னொரு வருடம் இந்த அறையில்தான்.

வில்மா வெளியே போனாள். சாசேஜை மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும் என்பது விதி. இருபதாவது நாய்க்குப் பிறகு நான் அதைத் தின்னத் தொடங்கியிருந்தேன். காலை உணவுக்கு நேரமிருப்பதில்லை. பமாச் நான் மெல்லுவதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தது.

"தின்னுடுச்சும்மா," என்றேன், கதவைத் திறந்து, குரலில் வருத்தத்தை வரவழைத்து.

வில்மா நாயைப் பார்த்தாள். நாய் வாலை ஆட்டியது. அவள் முறைக்கவுமில்லை, விரலை நீட்டவுமில்லை.

"நீங்க திட்டணும்மா. படிவத்துல அப்படித்தான் இருக்கு."

"யாரத் திட்டறது?"

"நாயத்தான். மூஞ்சியப் பாத்தாலே உங்களுக்குத் தெரியுமே."

"மூஞ்சியா?" அவள் சிரித்தாள். "இருபத்தி ரெண்டு வருஷமா வண்டியில ஏறி எறங்கறேன் பாப்பா. நான் ஏறினா டிக்கெட் வச்சிருக்கவனும் திருட்டு முழி முழிப்பான். பாஸ் வச்சிருக்க கிழவிக்கும் வேர்க்கும். மூஞ்சிய நம்பினா பாதி ஊரையே எறக்கி விடணும். நான் கையத்தான் பாப்பேன்."

இவ்வளவு செலவில், ஐம்பத்தொன்பது நாய்களை வைத்து நாங்கள் கண்டுபிடித்ததை அவள் கைப்பட்டையை மாட்டிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"கையக் காட்டு," என்றாள்.

நான் காட்டவில்லை. பப்ரிகா எண்ணெய் விரலிடுக்கில் சிவப்பாக ஒட்டியிருப்பது எனக்குத் தெரியும்.

"பசிச்சா கேட்டு வாங்கித் தின்னிருக்கலாமே," என்றாள், கோபமே இல்லாமல். "அதை ஏன் நாய் மேல போடற? வாடா பமாச்."

மாலையில் அந்தப் பதிவைக் கணினியில் ஓடவிட்டு, படம் படமாக நிறுத்திக் குறித்தேன். காது படுத்தல்: இல்லை. பார்வை விலகல்: இல்லை. தலை தாழ்தல்: இல்லை. கெரென்சேர் கதவிடுக்கில் தலையை நீட்டி, "அறுபது ஆச்சா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "யாரும் திட்டலன்னா அது கணக்குல வராது, ஞாபகம் வச்சுக்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

படத்தை மறுபடி ஓடவிட்டேன். ஓரத்தில் நான் நிற்கிறேன். கழுத்து தாழ்ந்திருக்கிறது. பார்வை தரையில் எதையோ தேடுகிறது. தோள்கள் காதுவரை ஏறியிருக்கின்றன. யாரும் என்னைத் திட்டவில்லை. வலது கை முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்க, பமாச் சுற்றி வந்து அதை விரல் விரலாக நக்கிக்கொண்டிருக்கிறது. வால் ஆடுகிறது.