பத்ரிநாராயணன் வீட்டுக் கூரையின் இறுதி ஊர்வலம்

மயிலாப்பூரில் ஒரு தெருவுக்கு நோட்டீஸ் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். "செவ்வாய்க்கிழமை காலை பதினான்காம் எண் வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பிரிக்கப்படும். ஜன்னல்களை மூடி வைக்கவும். மாடியில் துணி, வடாம் காயப்போட வேண்டாம்" என்று அச்சடித்து வீடு வீடாக நானே போய்க் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் எதிர்வீட்டு ஜானு மாமி அந்தத் தாளை விரித்து அதன் மேல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

என் பெயர் தாரணி. சைட் இன்ஜினீயர். அப்பாவுக்கு தி.நகரில் பாத்திரக்கடை. "வீடு கட்டுவாள் என்று படிக்கவைத்தால் இடித்துக்கொண்டு திரிகிறாள்" என்பது எங்கள் வீட்டில் தினமும் ஓடும் பாட்டு. பதினான்காம் எண் வீட்டுக்காரர் பத்ரிநாராயணனுக்கு எண்பத்திரண்டு வயது. ஃப்ளாட் கட்டுவதற்கு வீட்டை எங்கள் முதலாளியிடம் கொடுத்துவிட்டு அடையாறில் மகனோடு இருக்கிறார். மொட்டைமாடி முழுக்க ஷீட் போட்ட கொட்டகை. மொத்தம் முப்பத்திரண்டு ஷீட்டுகள்.

முதலாளியிடம் விட்டிருந்தால் கடப்பாரையால் நாலு போடு போட்டு, செங்கல் ரப்பீஸோடு கலந்து ஏதாவது ஓர் ஏரியில் கொட்டியிருப்பார். ஆனால் வரப்போகும் ஃப்ளாட்டில் முதல் மாடியை வாங்கியிருப்பவர் அமெரிக்காவில் இருக்கிறார். ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலில் போய்க் குத்திக்கொண்டு முப்பது வருஷம் கழித்துக்கூடப் புற்றுநோயாக வரும் என்றும், முறைப்படி அகற்றியதற்குச் சான்றிதழ் காட்டினால்தான் சாவி வாங்குவேன் என்றும் மெயில் போட்டார். முதலாளிக்கு அன்றைக்கே மனிதகுலத்தின் மீது அக்கறை வந்துவிட்டது. வேலையை என் தலையில் கட்டினார்.

வேலை என்று பார்த்தால் பெரிய வித்தை இல்லை. ஷீட்டை உடைக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரால் நனைத்துக்கொண்டே போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். கெட்டியான பாலித்தீனில் இரண்டு சுற்று சுற்றி டேப் ஒட்டி, அபாயக் கழிவைப் புதைக்கும் இடத்துக்கு லாரியில் அனுப்ப வேண்டும். செய்கிறவர்கள் முகமூடியும் வெள்ளை அங்கியும் போட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வித்தை எல்லாம் பொன்னுரங்கத்திடம் பேசுவதில்தான். இடிப்பு வேலையில் முப்பது வருஷம் ஊறிய மேஸ்திரி. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இடிக்கிற வீட்டிலிருந்து வரும் சாமான் எல்லாம் இடிக்கிறவருக்குச் சொந்தம். தேக்கு நிலை, ஜன்னல் கம்பி, கக்கூஸ் கோப்பை வரைக்கும் அவர் எடுத்துக்கொண்டு போவார், யாரும் ஏன் என்று கேட்க முடியாது.

"மேடம், அதுல நல்லதா பன்னெண்டு ஷீட்டு எனக்கு ஓணும்" என்றார் காலையிலேயே. "தேனாம்பேட்டைல மாடி மேல ஒரு ரூம்பு எட்துகினு கீறேன். சொவரு முடிஞ்சிச்சு. எம் பொண்ணு சீதா, கொயந்தையோட அதுலதான் இருக்கப்போவுது."

"அண்ணே, அது விஷம். அதனாலதான இவ்வளவு கூத்து."

"இன்னா விஷம்? பொறந்ததுலேந்து நான் ஷீட்டுக்குக் கீயதான் பட்துகினு கீறேன். செத்தா பூட்டேன்?"

சொல்லி முடிப்பதற்குள் இருமினார். பீடி இருமல் என்று அவரே விளக்கமும் கொடுத்தார்.

குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாற்பது வருஷம் வெயிலில் உளுத்துப்போன ஷீட்டை இவர் அளவு பார்த்து ரம்பத்தால் அறுப்பார், அந்த வெள்ளைத் தூசு அறை முழுக்க இறங்கும், அதற்குள் கொண்டுபோய்த் தொட்டில் கட்டுவார்கள். புற்றுநோய் என்றேன். முப்பது வருஷம் என்றேன்.

"அது முப்பது வருசம் கயிச்சி வரும் மேடம். மயை அடுத்த வாரம் வரும்" என்றார் பொன்னுரங்கம்.

பதில் வராதபோது நான் கத்துவது வழக்கம். கத்தினேன். அவர் காதில் வாங்காமல் அங்கியை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பன்னிரண்டு ஷீட்டை அவர் இறக்கிய அழகை எந்தப் பயிற்சி வகுப்பிலும் காட்டலாம். ஒரு கீறல் விழாமல், சொட்டச் சொட்ட நனைத்து, கைக்குழந்தையை இறக்குவதுபோல் இறக்கிக் காம்பவுண்டு சுவரோரம் அடுக்கினார். தன் வீட்டுக்குப் போகிற சாமான் ஆயிற்றே. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் அதற்கும் நான் பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தார்.

"சுத்துனா சுத்திக்கோ. ஏறப்போறது என் வண்டிலதான்."

தெருவிலோ ஒரு ஜன்னல்கூட மூடவில்லை. ஜானு மாமியின் மாடியில் ஜவ்வரிசி வடாம் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தது. அவர் கணவர் சுந்தரராமன், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், பால்கனியில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார். "மாமா, உள்ளே போங்க" என்று கும்பிட்டுக் கேட்டேன். "நாப்பது வருஷமா இந்த ஷீட்டைப் பாத்துண்டுதான் காபி சாப்பிடறேன். இன்னிக்கு மட்டும் என்னடிம்மா?" என்றார்.

பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பாதிதான் பொறுப்பு.

கொட்டகையின் ஒரு மூலையில் ஏற்கெனவே உடைந்து கிடந்த துண்டுகளை எல்லாம் நனைத்து வெள்ளைப் பாலித்தீனில் நீளமாகச் சுருட்டிக் கட்டியிருந்தோம். ஆறடி மூட்டை, செம கனம். தூக்க வசதி இல்லாததால் மூங்கில் ஏணியைப் படுக்கப்போட்டு மூட்டையை அதன்மேல் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். நாலு பேர் ஆளுக்கொரு முனையைத் தோளில் ஏற்றினார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி. முன்னால் பொன்னுரங்கம் ஒரு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் தண்ணீர் தெளித்தபடி வந்தார். வாசலுக்கு வந்ததும் ஏணியைத் தெருவோரம் இறக்கினார்கள்.

"ஐயையோ, பத்ரி மாமா போய்ட்டார்!" என்று ஜானு மாமியின் குரல் கேட்டது.

ஐந்து நிமிஷத்தில் தெரு மாறிவிட்டது. படபடவென்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். வடாம் உள்ளே போனது. துணிகள் உள்ளே போயின. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் அம்பி குருக்கள் நடையைச் சாத்திவிட்டுப் போனார். பிணம் எடுக்கும்வரை அந்தத் தெருவில் பூஜை கிடையாது, அடுப்பும் மூட்டமாட்டார்கள். அச்சடித்த நோட்டீஸும் என் கும்பிடும் சாதிக்காததை ஒரு மூங்கில் ஏணி சாதித்துவிட்டது.

சுந்தரராமன் மாமா மேல்துண்டோடு இறங்கிவந்து பத்தடி தள்ளி நின்றார். "பொறந்த ஆத்துலேந்தே போகணும்னு ஆசைப்பட்டிருப்பார், பாவம். இப்படி அங்கியெல்லாம் போட்டுண்டு தூக்கறாளே, ஏதாவது தொத்து வியாதியா?"

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எல்லா ஜன்னலும் மறுபடி திறக்கும், வடாம் மறுபடி மாடிக்கு வரும்.

"நுரையீரல்ல கோளாறு மாமா. கிட்ட வராதீங்க" என்றேன்.

"எப்போ எடுக்கறா?"

"பன்னெண்டரைக்கு லாரி வருது."

"லாரியா? மனுஷனுக்கு ஒரு வேன் கூடவா கெடைக்கலை?" என்று கண் கலங்கினார்.

பன்னிரண்டரைக்கு லாரி வரவில்லை. ஒன்றரைக்குத் தெருமுனை வரை வந்து, குறுக்கே நிறுத்தியிருந்த இரண்டு கார்களால் மாட்டிக்கொண்டது. அந்தக் கார்களை நகர்த்தச் சொல்லி நான் மூன்று வாரமாகக் கெஞ்சியிருக்கிறேன். காலையிலிருந்து சோறு பார்க்காத சுந்தரராமன் மாமா போய் இரண்டு வீட்டு மணியை விடாமல் அடித்தார். பத்தே நிமிஷத்தில் கார்கள் நகர்ந்தன. அவரே கையைக் காட்டிக் காட்டி லாரியைப் பின்னால் வரவழைத்தார்.

லாரியில் மூட்டைகளை ஏற்ற ஆரம்பித்தோம். பொன்னுரங்கம் தன் பன்னிரண்டு ஷீட்டுக்கு முன்னால் போய்க் கைகட்டி நின்றார். "இது வராது" என்றார். முதலாளியைக் கூப்பிடுவேன் என்றேன். கூப்பிட்டுக்கோ என்றார். அந்த நேரம் பார்த்து ஜானு மாமி ஒரு ரோஜா மாலையோடு வந்தார். ஏணி ஏற்கெனவே லாரிக்குள் போய்விட்டிருந்தது. சுவரோரம் வெள்ளைப் பாலித்தீனில் கட்டிக் கிடந்தது பொன்னுரங்கத்தின் கட்டுதான். மாமி மாலையை அதன்மேல் சாத்தி, "எத்தனை தரம் எங்களுக்கு மாங்காய் பறிச்சுக் குடுத்தேள்!" என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுக் குளிக்கப் போனார்.

பொன்னுரங்கம் அந்த மாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் செத்துப்போயிருந்தது.

"பொணத்துக்குப் போட்ட மாலை மேடம்."

"உள்ள பொணம் இல்லையே அண்ணே" என்றேன். வாய்க்கொழுப்பு.

"அந்தம்மா பொணம்னு நெனச்சிதான போட்டுச்சு. அத்த எட்தும்போயி பச்சக் கொயந்த தலைக்கு மேல வெக்கறதா? வோணாம்."

அவரே ஆளைக் கூப்பிட்டு, மாலையோடு சேர்த்துக் கட்டை லாரியில் ஏற்றிவிட்டு, தன் காலி வண்டியோடு கிளம்பிப் போனார். நான் ஜெயித்துவிட்டேன். அந்த நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

லாரி போன கால் மணி நேரத்தில், துக்கம் விசாரிக்க சுந்தரராமன் மாமா அடையாறுக்குப் போன் போட்டார். "சொல்லு சுந்தரராமா" என்று எடுத்தவர் பத்ரிநாராயணன். அதற்கப்புறம் தெருவே என் முன்னால் கூடியது. எல்லோரும் கொலைப்பசியில் இருந்தார்கள். "ரெண்டு தரம் தலைக்குக் குளிச்சிருக்கேன்டி, பாவி!" என்றார் ஜானு மாமி. குளித்தது நல்லதுதான் மாமி, தூசு போயிருக்கும் என்றேன். கையில் கிடைத்த செருப்போடு மாமா ஓர் அடி முன்னால் வந்தார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். தேனாம்பேட்டை சிக்னலில் சிரிப்பு நின்றது. எனக்கு முன்னால் ஒரு மீன்பாடி வண்டி, முன்னால் சரக்குத் தட்டும் பின்னால் ஓட்டுகிறவர் இருக்கையும் உள்ள மூன்று சக்கர வண்டி. ஓட்டிக்கொண்டிருந்தவர் பொன்னுரங்கம். வண்டியில் பன்னிரண்டு ஷீட்டுகள், கடையிலிருந்து அப்போதுதான் எடுத்தவை, சாம்பல் நிறத்தில் மின்னின. அதே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

என்னைப் பார்த்ததும் பெருமையாகச் சிரித்தார். "புதுசு மேடம். இதுல தீட்டு கெடியாது."

அவரைத் திட்ட வாயெடுத்தேன். ஆனால் பழைய ஷீட்டைப் பிடுங்கினேனே தவிர, மழைக்கு அவர் என்ன செய்வார் என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அமெரிக்காக்காரருக்குச் சான்றிதழ் வந்துவிடும், எனக்குப் பெயர் வந்துவிடும், சீதாவின் குழந்தைக்கு இதுதான் வரும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பச்சை விளக்கு விழுந்தது. ஸ்கூட்டரை ஓரம்கட்டிவிட்டு ஓடிப்போய் அவர் வண்டியின் முன்பலகையில் ஏறி உட்கார்ந்தேன். ஷீட்டில் கை படாமல்தான்.

"இன்னா மேடம் இது? எறங்கு! பின்னாடி அவன் அவன் ஆரன் அடிக்கிறான் பாரு."

"கடைக்குத் திருப்புங்க அண்ணே. உடையாமத்தான இருக்கு, மாத்திக் குடுப்பான். தகரம் வாங்குவோம்."

"தகரம் போட்டா வெயில்ல கொயந்த வெந்துடும்."

"வெள்ளை பெயின்ட் அடிச்சா சூடு கம்மியாகும். உள்பக்கம் பாய் வெச்சு அடைக்கலாம். நான் வந்து அடிக்கிறேன். மாத்துற வரைக்கும் இறங்க மாட்டேன்."

பின்னால் ஒரு பேருந்து அலறியது. போக்குவரத்துக் காவலர் விசிலோடு எங்களை நோக்கி வந்தார். பொன்னுரங்கம் என்னைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார், காவலரைப் பார்த்தார். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து பொன்னுரங்கத்தின் குரல் வந்தது.

"பெயின்ட்டு மெய்யாலுமே நீயே வந்து அடிப்பியா?"

"ரெண்டு கோட்டு அண்ணே."