பிடித்துக் காட்டச் சொன்னார்

கணபதிசுப்பிரமணியன் சாரின் டுட்டோரியலில் வினைச்சொல்லுக்கு அர்த்தம் சொல்லித் தரமாட்டார்கள். நடித்துக் காட்ட வேண்டும். தென்காசி ரயில்வே ஸ்டேஷன் பக்கம், சைக்கிள் கடைக்கு மேலே ஒரு நீள அறை. சார் கரும்பலகையில் ஒரு சொல்லை எழுதுவார். இரண்டு பேரைக் கூப்பிடுவார். ஒருத்தன் செய்ய வேண்டும், இன்னொருத்தன் வாங்கிக்கொள்ள வேண்டும். "உடம்புல ஏறினாத்தான்டா இங்கிலீஷ் மறக்காது" என்பார். பி.யு.சி.யில் இங்கிலீஷில் தோற்றுப் படிப்பை விட்டவன் நான். மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சோடு அங்கே போய் உட்காருவேன்.

அன்றைக்குப் பாடம் அடக்குவது. நமக்கு எல்லாமே அடக்குவதுதான். இங்கிலீஷ்காரனுக்கு அது போதவில்லை. செலவையும் ஆசையையும் அடக்கினால் கர்ப். கலகத்தை அடக்கினால் குவெல். இருமலையோ செய்தியையோ வெளியே வராமல் அமுக்கினால் சப்ரஸ். ஆளை நகரவிடாமல் பிடித்து நிறுத்தினால் ரெஸ்ட்ரெயின். மூச்சையும் குரலையும் அடைத்தால் ஸ்டைஃபிள். பாதி உலகத்தை அடக்கி வைத்திருந்தவனுக்கு இத்தனை சொல் தேவைப்பட்டிருக்கும்.

முதலில் என்னையும் காஜாவையும் கூப்பிட்டார். காஜா என் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து, ஒன்றை மட்டும் என்னிடம் தந்துவிட்டு மற்றதைத் தன் பையில் போட்டுக்கொண்டான். "கர்ப் சார். இவன் பீடிய கர்ப் பண்ணிட்டேன்."

"நீ பண்ணினது திருட்டுடா. குடு திருப்பி."

சிரிப்பு அடங்கியதும் சார் ரெஸ்ட்ரெயின் என்று எழுதினார். "சுடலையாண்டி, நீயே நில்லு. பெருமாள் சார், நீங்க வாங்கோ. உங்க உத்தியோகமே இதுதானே."

சிவனணைந்தபெருமாள் போலீஸ்காரர். டிபார்ட்மெண்ட் பரீட்சைக்காக எங்களோடு படித்தார். மப்டியில், தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டோடு வருவார். கூச்ச சுபாவம். எனக்கு ஒருமுறை டீ வாங்கித் தந்திருக்கிறார்.

"தம்பி, வலிச்சா சொல்லு" என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார்.

அதற்கப்புறம் அவர் யோசிக்கவில்லை. என் இடது கை முதுகுக்குப் பின்னால் முறுகியது. முழங்கால் இடுப்புக்கு மேலே ஊன்றியது. தோளிலிருந்த துண்டு என் வாய்க்குள் போய்விட்டது. அவருடைய கட்டைவிரல் வலது காதுக்குப் பின்னால் அழுந்தியது. எனக்குக் கண் இருட்டியது.

"நோ, நோ. இது ஸ்டைஃபிள்" என்றார் சார். "நான் கேட்டது ரெஸ்ட்ரெயின். வாயை எதுக்கு அடைக்கறேள்?"

பெருமாள் சட்டென்று விட்டுவிட்டார். "பழக்கத்துல வந்துட்டு சார்."

என் அண்ணன் செல்லச்சாமி குற்றாலம் மெயின் அருவியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். போன சீசனில், யாரோ அதிகாரி வீட்டுப் பெண்கள் குளிக்க வேண்டுமென்று கூட்டத்தை வெளியே தள்ளினார்கள். உடம்பெல்லாம் எண்ணெயோடு ஜனங்கள் சாரலில் நின்றார்கள். அண்ணன் சத்தமாகக் கேட்டான்: "ஏன் அண்ணாச்சி, அருவி என்ன அவுஹ அப்பன் வீட்டுக் குழாயா?" கூட்டம் சிரித்துவிட்டது. சிரிக்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பார்கள். சீசன் டூட்டிக்கு வந்த போலீஸ்காரர்கள் அவனைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். மறுநாள் பாறைக்குக் கீழே கிடந்தான். குடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்று எழுதினார்கள். குளிப்பாட்டும்போது எங்கள் அம்மா ரெங்கம்மாள் அவன் பல்லிடுக்கிலிருந்து சிவப்பு நூல் எடுத்தாள். வலது காதுக்குப் பின்னாலும், இடுப்புக்கு மேலேயும் கன்றிக் கருத்திருந்தது. அம்மா சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. எங்கள் மனுவின் மேல் விசாரணை, இந்த வகுப்புக்கு அடுத்த திங்கட்கிழமை இருந்தது.

வாயிலிருந்து துண்டை உருவி அவர் கையில் கொடுத்தேன்.

"சீசனுக்கு எங்கன டூட்டி பாத்தீய அண்ணாச்சி?"

"ஏன் தம்பி?"

"எண்ணெய் தேய்க்குற செல்லச்சாமிய இப்படித்தான் புடிச்சீயளா?"

அவர் துண்டை நாலாய் மடித்தார். அப்புறம் எட்டாய் மடித்தார். "அவன் ஒனக்கு யாரு?"

"கூடப் பிறந்தவன்."

பெஞ்சிலிருந்த எல்லோரையும் பார்த்தேன். "ஏலே, எல்லாரும் பாத்தீங்கல்லா? திங்கக்கிழமை வந்து சொல்லுங்க. இதை மட்டும் சொல்லுங்க."

காஜா தலையாட்டினான். சார் பலகையில் இருந்ததைக் கையாலேயே அழித்தார். "கிளாஸ்ல நடந்தது கிளாஸோட இருக்கட்டும்டா. நாளைக்கு நான் இங்க கடை நடத்தணும்."

"இதுக்கு என்ன வெர்ப் சார்?" என்று கேட்டேன். அவர் சாக்பீஸ் தேடினார்.

திங்கட்கிழமை பயணியர் விடுதியில் விசாரணை. அதிகாரி இளைஞர், நல்ல சட்டை. பெருமாள் யூனிபாரத்தில் விறைப்பாக நின்றார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் வேறு வேறு மனுவோடு வந்த ஜனம் நிறைய இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி காஜாவைக் கேட்டார்.

"அன்னிக்கு நான் லீவு சார்" என்றான் காஜா, என்னைப் பார்க்காமல். அவன் அப்பாவின் தள்ளுவண்டி பஸ் ஸ்டாண்டில் போலீஸ் தயவில் நிற்கிறது. தெரியும். தெரிந்ததால் கோபம் குறையவில்லை.

"அய்யா, சாட்சி வேண்டாம். இவரை என்னைப் புடிக்கச் சொல்லுங்க. புடிச்சாலே தெரியும்."

அதிகாரிக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "பிடிச்சுக் காட்டுங்க" என்றார்.

பெருமாள் வந்தார். என் முழங்கையை இரண்டு விரலால் தொட்டார். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் படியேற்றுகிற மாதிரி. "இப்படித்தான் சார் பிடிப்போம். தம்பி, வலிக்கா?"

"நல்லா புடிலே" என்றேன். "அன்னைக்குப் புடிச்ச மாதிரி புடி. கொன்ன கைதானலே உனக்கு?"

அதிகாரி முகம் மாறியது. வாசலில் நின்ற காக்கிகளைப் பார்த்து, "ரெஸ்ட்ரெயின் ஹிம்" என்றார்.

ஓடிவந்தார்கள். கை முதுகுக்குப் பின்னால் போனது. முழங்கால் ஊன்றியது. காதுக்குப் பின்னால் ஒரு கட்டைவிரல் தேடாமல் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. பெருமாளின் விரல் இல்லை அது. வேறு ஆள். அவரவர் ஊரில் தனித்தனியாகப் பழகிக்கொண்டது இல்லை. எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு உள்ளங்கை என் வாயை மூடியது. அது ரெஸ்ட்ரெயின் இல்லை என்று திருத்த அந்த அறையில் ஆள் இல்லை. அதிகாரி மேஜையில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் வாயில் துண்டு இருந்தது. என் வாயில் வெறும் சதை. கடித்தேன். ரத்தம் வரும்வரை விடவில்லை. கை தானாகப் போய்விட்டது.

பிறகு முதலிலிருந்து சொன்னேன். துண்டு, முழங்கால், நூல், காது. அண்ணன் அருவியில் கேட்ட கேள்வியையும் அவன் கேட்ட சத்தத்திலேயே கேட்டேன். வராந்தாவில் ஜனம் எழுந்து நின்றது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. என்னைத் தரதரவென்று இழுத்துப்போகும்போது அம்மா எழுந்து, பக்கத்தில் நின்ற ஆளிடம் சொன்னாள்: "நூலு எடுத்தது நாந்தான். இவன் சொல்லுதது நெசம்."

அந்த ஆள் தலையாட்டினான். என்மேல் அரசு ஊழியரைக் கடித்ததாகக் கேஸ் எழுதினார்கள்.