இரண்டாம் பம்ப் அறையின் அட்டை

அந்தக் கப்பலின் பாதுகாப்பு ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையை நம்பி இருந்தது.

நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு எரிபொருளும் தண்ணீரும் சுமக்கும் பழைய கப்பல் அது. இரண்டாம் பம்ப் அறையில் வாயு கசிந்தால் கத்த ஒரு அலாரம் உண்டு. அது தினமும் கத்தியது. தினமும் கத்தினால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பதினோரு வருடங்களுக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான், சத்தத்தை நிறுத்தும் பொத்தான் எழும்பாதபடி அட்டையை மடித்துச் செருகினார். கப்பலில் சாந்தி நிலவியது. ஆள் மாறும்போதெல்லாம் பொறுப்பு ஒப்படைக்கும் நோட்டில், ‘அட்டையை எடுக்க வேண்டாம்’ என்ற வரி பயபக்தியோடு பிரதி எடுக்கப்பட்டது.

இப்போது பழைய அலாரம் பேனலைக் கழற்றிவிட்டுத் தொடுதிரை பேனல் பொருத்தினார்கள். பொருத்த வந்த நிபுணர், “பழசுல எது எப்படி இருந்துச்சோ, அப்படியே எழுதிக் கொடுங்க” என்றார். சீஃப் இன்ஜினியர் நோட்டையே கொடுத்தார். நிபுணர் அட்டையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். அலாரம் இனி நவீன முறையில் ஊமை. திரை முழுக்கப் பச்சை.

எல்லாம் சரி என்று போட வேண்டிய கடைசிக் கையெழுத்து கப்பல் எலக்ட்ரீஷியனுடையது. கரைக்குப் போகும் இரண்டு மணி லாஞ்சில் அவர் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அடுத்தது பத்து நாள் கழித்துத்தான். அவருடைய மகளைக் காலையில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். அந்த மகள் பிறந்தபோதும் அவர் கடலில்தான் இருந்தார். முதன்முதலாக அவர் பார்த்தபோது அவளுக்குப் பல் முளைத்திருந்தது.

“போட்டுட்டுக் கிளம்புய்யா, தாத்தா ஆகப்போற” என்றார் சீஃப்.

“சார், ரெண்டாம் பம்ப் ரூம் அலாரத்தை அடைச்சு வெச்சிருக்காங்க.”

“பதினோரு வருஷமா அடைச்சுத்தான் இருக்கு. இன்னிக்கு என்ன திடீர்ப் பாசம்?”

“பம்ப்மேன் அங்கதானே வேலை பார்க்குறான்?”

“பார்த்து என்ன ஆயிட்டான்? தலைவலின்னு தைலம் தடவிக்கிறான், அவ்வளவுதானே.”

பம்ப்மேனுக்குக் கப்பலில் பெயரே ‘தைலம்’தான். எலக்ட்ரீஷியனும் அப்படிக் கூப்பிட்டுச் சிரித்தவர்தான். இப்போது அந்தத் தைலம் எதற்கு என்று யோசித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு திரையைத் தொட்டு அடைப்பை எடுத்தார்.

அலாரம் பதினோரு வருடப் பாக்கியையும் சேர்த்துக் கத்தியது.

வாயு அளக்கும் கைக்கருவியோடு இறங்கிப் பார்த்தால், பம்ப்பின் இணைப்பை அடைக்கும் கேஸ்கட் நைந்து வாயு கசிந்துகொண்டிருந்தது. அலாரம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. கடவுள் சிலருக்குக் கனவில் வந்து சொல்வாராம். இவர்களுக்குச் சங்கு ஊதியே சொன்னார், இவர்கள் அட்டை செருகினார்கள்.

“கேஸ்கட் மாத்தி, சோதிச்சு, நீ கையெழுத்துப் போடாம யாரும் நகர முடியாது” என்றார் சீஃப், ஏதோ கசிவை எலக்ட்ரீஷியனே வீட்டிலிருந்து கொண்டுவந்த மாதிரி.

எலக்ட்ரீஷியன் ஊருக்குப் போட்டிருந்த சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

கசிவு நிற்கும்வரை கீழே வராதே என்று தைலத்தை மேல்தளத்துக்கு அனுப்பியிருந்தார்கள். லாஞ்சின் கயிற்றை அவிழ்ப்பதும் அவன் வேலைதான். இரண்டு மணிக்கு லாஞ்ச் ஓட்டுநர் கூப்பிட்டார்.

“கயித்த விடுப்பா.”

“முடிச்சு இறுகிப்போச்சுண்ணே.”

“போட்டது நீதானே?”

“அதான் இறுகிப்போச்சு. நம்ம வேலை அவ்வளவு சுத்தம்.”

இரண்டரைக்கு ஓட்டுநர் குரலை உயர்த்தினார். “அறுத்து விடுடா.”

“கம்பெனி கயிறுண்ணே. அறுக்கணும்னா எழுத்துல அனுமதி வேணும். பாதுகாப்புல இப்ப ரொம்பக் கறார்.”

மூன்றே காலுக்கு எலக்ட்ரீஷியன் கிரீஸ் கையோடு, மடித்த சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார். லாஞ்ச் இன்னும் நிற்பதை அவரால் நம்ப முடியவில்லை.

“தலை எப்படிடா இருக்கு?”

“இன்னிக்குத் தைல டப்பாவே திறக்கலண்ணே. போய்ப் பேரப்பிள்ளையைப் பாருங்க, பல்லு முளைக்கிறதுக்குள்ள.”

அவர் லாஞ்சில் கால் வைத்ததும், தைலம் கயிற்றை ஒரே இழுப்பில் உருவினான்.

ஓட்டுநர் முறைத்தார். “இப்ப மட்டும் எப்படிடா அவுந்துச்சு?”

“அண்ணன் கால் ராசி” என்றான் தைலம்.