இன்னாசியின் கூட்டுக்காரர்கள்

பிரைட்டனுக்கு இருந்தது சாதாரணப் பொறாமை இல்லை. அடுத்தவன் மாடி வீடு கட்டினால், கார் வாங்கினால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. போய்ப் பார்த்து, டைல்ஸ் கொள்ளாம், நல்லா இருக்கு என்று மனதாரச் சொல்லிவிட்டு வருவான். ஆனால் அவனோடு உயிராகப் பழகிய கூட்டுக்காரன் தோளில் இன்னொருத்தன் கை போட்டால் போதும், வயிறு பற்றிக்கொள்ளும். முட்டத்தில் போட் எஞ்சின் ரிப்பேர் கடை வைத்து, நாலு பேர் மதிக்க இருக்கிற மனுசனுக்கு நாற்பது வயசுக்கு மேல் இது தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். யார் கேட்கிறார்கள்?

அந்தக் கூட்டுக்காரன் இன்னாசி, திண்டுக்கல்காரன். கத்தாரில் ஒரே அறையில் ஒன்பது வருசம், பிரைட்டன் கீழ்க்கட்டிலிலும் இன்னாசி மேல்கட்டிலிலுமாகக் கிடந்தவர்கள். பிரைட்டன் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டான். இன்னாசி இன்னும் அங்கேதான் இருக்கிறான். இந்த லீவில் ஒரு வாரம் முட்டத்துக்கு வந்து சும்மா கடலைப் பார்த்துக் கிடக்கப் போகிறேன், அப்படியே பக்கத்து ஊர்களையும் சுற்றிக் காட்டு என்று அவன் போனில் சொன்னதும், பிரைட்டன் தன் மகளின் ஞானஸ்நானத்தை அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி வைத்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. பிரைட்டனும் அவன் மனைவி லீமாவும் பிள்ளை வேண்டி ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, நேராத கோயில் இல்லை. கத்தாரில் ஒரு வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, அதைப் பேசிக்கொண்டே வந்த பிரைட்டன் அழுதுவிட்டான். இன்னாசி ஈரச் சட்டையை உதறியபடி சொன்னான்: "பொறக்கும் மக்கா. பொறந்தா நான்தான் ஞானத்தகப்பன். வேற எவனாச்சும் பிள்ளையத் தூக்குனான்னா கோயில்லயே சண்டை போடுவேன், பாத்துக்க." குமரி மாவட்டத்தில் பிரியமானவர்களைக் கூப்பிடுகிற அந்த 'மக்கா'வை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே பிரைட்டன்தான். திண்டுக்கல் வாயில் அது கொஞ்சம் கோணலாகத்தான் வரும். அந்தக் கோணல் தனக்கு மட்டும் சொந்தம் என்று பிரைட்டன் நினைத்திருந்தான்.

ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பவன்தான் ஞானத்தகப்பன். பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு கொண்டு வருவதும் அவன்தான். ஆனால் அது கேட்டு வாங்குகிற காரியமில்லை. பிள்ளையின் அப்பன் கூப்பிட வேண்டும். முறை பிரைட்டனுக்குத் தெரியாமலில்லை. இருந்தாலும் ஒரு வீம்பு. அன்றைக்கு மாடியில் சொன்னது இன்னாசிக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவன் வாயிலிருந்து அரைச் சொல் வந்தாலும் போதும், அந்த நிமிசமே கூப்பிட்டுவிடலாம்.

"ஒரு வார்த்தை நீங்களே கேட்டா வாயிலேருந்து முத்தா உதிந்திரும்?" என்றாள் லீமா. "எனக்க அண்ணன் வேற, நாந்தானே பிள்ளையத் தூக்கணும்னு நச்சரிச்சிட்டுக் கெடக்கான்."

"ஷைஜுவ கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. இவனுக்கு ஓர்மை இருக்கான்னு பாக்கட்டு."

முதல் நாள் எல்லாம் நன்றாகவே போயிற்று. லைட்ஹவுஸ் பக்கம் பாறையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள். லீமா நெய்மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வைத்தாள். இன்னாசி மூன்று தடவை கேட்டு வாங்கித் தின்றான். அப்புறம் பிள்ளையை வாங்கி, தன் இடது கையில் நீளக் கிடத்தி, முழங்கையிலிருந்து எதுவரை வருகிறாள் என்று உற்றுப் பார்த்தான். "உள்ளங்கையத் தாண்டிட்டாளே மக்கா," என்றான். பிரைட்டன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். இதோ சொல்லப் போகிறான்.

"அந்த மட்டிப்பழத்துல இன்னும் ரெண்டு குடு," என்றான் இன்னாசி. "நாளைக்குத் தோவாளைக்குப் போவமா? ராஜகுமாரப் பாக்கணும்."

"எந்த ராஜகுமாரு?"

"நீ ஊருக்கு வந்த பெறகு உன் கட்டில்ல படுத்தான்ல, அவன்."

என் கட்டிலில். பிரைட்டனுக்கு வாயில் இருந்த பழம் இறங்கவில்லை.

தோவாளையில் ராஜகுமார் இப்போது பூ மொத்த வியாபாரம் செய்கிறான். இன்னாசியைக் கண்டதும், எடை போட்டுக்கொண்டிருந்த பிச்சிப்பூவை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். கையில் கிடைத்த ஒரு சம்பங்கி மாலையை அவன் கழுத்தில் போட்டான். பிறகு காரைப் பார்த்துத் திரும்பி, "டிரைவர் அண்ணனுக்கும் ஒரு டீ சொல்லட்டா?" என்றான்.

"டிரைவரா? இதுதான்ப்பா நம்ம பிரைட்டன்," என்று இன்னாசி விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஓ, கீழ்க்கட்டில் பிரைட்டனா," என்று ராஜகுமார் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிரைட்டன் பல்லைக் காட்டினான். டீயில் சீனி போட்டிருந்தார்களா இல்லையா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. ராஜகுமார் சொல்லிக்கொண்டே போனான்: எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தப்போ இவன்தான் கஞ்சி வச்சு, சுட்ட அப்பளம் தொட்டு ஊட்டாத குறை. பிரைட்டனுக்குக் காய்ச்சல் வந்தபோதும் இன்னாசி கஞ்சி வைத்தான். சுட்ட அப்பளமும் அப்போது உண்டு. அந்தக் கஞ்சியை உலகத்தில் தனக்கு மட்டும் வைத்ததாக அல்லவா அவன் இத்தனை நாள் நம்பியிருந்தான்? ஊரெல்லாம் கஞ்சி ஊற்றியிருக்கிறான், பாவி. லீமாவுக்கென்று ராஜகுமார் கட்டிக் கொடுத்த பூவைக்கூட பிரைட்டன் பின் சீட்டில் எறிந்துதான் வைத்தான்.

அடுத்த நாள் கன்னியாகுமரி. போகும் வழியில் கொட்டாரம் ஊரில் வண்டியை நிறுத்தி நுங்கு தின்றபோதும், பிரைட்டன் ஜாடையாகப் பேச்சைக் கொண்டுபோய்ப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை வேற நெருங்குது," என்றான். "ஆமா மக்கா, ஒரே கூட்டமா இருக்கும்ல," என்று சொல்லிவிட்டு இன்னாசி நுங்கை உறிஞ்சினான். இவனிடம் இதற்கு மேல் எப்படி ஜாடை காட்டுவது? பலகையில் எழுதி மாட்டவா முடியும்?

வியாழக்கிழமை திருவனந்தபுரத்துக்குப் போனார்கள். அங்கே சிஜின் என்று இன்னொருத்தன். இவனும் பிரைட்டன் ஊருக்கு வந்த பிறகு அந்த அறைக்கு வந்தவன், மேல்கட்டிலுக்கு எதிர்க்கட்டில். நான் வந்த பிறகு எத்தனை கட்டில்தான் போட்டிருக்கிறார்கள் அந்த அறையில் என்று பிரைட்டனுக்கு ஆத்திரமாக வந்தது. பேச வசதியாக இருக்கட்டும் என்று இன்னாசி முன் சீட்டிலிருந்து இறங்கிப் போய்ப் பின்னால் சிஜின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். மியூசியத்துக்கும் சங்குமுகம் கடற்கரைக்கும் பிரைட்டன் தனியே முன்னால் இருந்து வண்டி ஓட்டினான். ராஜகுமார் வாய் வைத்தது பலித்துவிட்டது. உண்மையிலேயே டிரைவராகிவிட்டான்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் ஏதோ ஒரு கதைக்கு நடுவில் இன்னாசி சிஜின் தொடையில் தட்டி, "அட போ மக்கா," என்றான். அதே கோணல், அதே இழுப்பு. பிரைட்டனுக்குக் காது சுட்டது. சொந்தப் பொண்டாட்டியின் சேலையை அடுத்த வீட்டுக்காரி உடுத்துக்கொண்டு போவதைப் பார்த்த மாதிரி இருந்தது. முன்னால் போன ஆட்டோக்காரனைக் காரணமில்லாமல் ஹாரன் அடித்து விரட்டினான்.

சாலைக் கடைவீதிக்கு வந்ததும் இன்னாசி சொன்னான், "மக்கா, நீ வண்டியிலயே இரு. போலீஸ் வந்தா எடுக்கச் சொல்லுவான். நாங்க ரெண்டு பேரும் ஒரு எட்டு போயிட்டு வந்துர்றோம்." போனவர்கள் வருகிற வழியைக் காணோம். வெயில் கண்ணாடியில் இறங்க, பிரைட்டன் உள்ளே வெந்துகொண்டிருந்தான். கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். இன்னாசி கையில் ஒரு பார்சல்.

"என்ன வாங்குன?" என்றான் பிரைட்டன்.

"ஒண்ணுமில்ல, சும்மா." இன்னாசி சிஜினைப் பார்த்தான். சிஜின் சிரிப்பை அடக்கிக்கொண்டான். இறங்கும்போது, "அப்ப சண்டே காணாம் அண்ணா," என்று ஞாயிற்றுக்கிழமை சந்திப்பதாக மலையாளத்தில் பிரைட்டனிடம் வேறு சொல்லிவிட்டுப் போனான். தன் மகளின் ஞானஸ்நானத்துக்கு இவனை யார் கூப்பிட்டது? கூப்பிடுகிற உரிமை இன்னாசிக்கு உண்டு, ஆனால் எதற்கு வந்திருக்கிறோம் என்கிற நினைப்பு மட்டும் கிடையாது. எனக்குத் தெரியாமல் அவனோடு ரகசியம் வேறு.

மார்த்தாண்டத்தில் பெட்ரோல் போட நிறுத்தினான். இன்னாசி பின் சீட்டில் பார்சலைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பிரைட்டன் நாலடி தள்ளிப் போய்க் கோயில் உபதேசியாருக்குப் போன் போட்டு, ஞானத்தகப்பன் பேரைச் சொன்னான்: ஷைஜு. அப்படியே ஷைஜுவுக்கும் போட்டான். "மச்சான், நான் நல்லா வச்சுப் பாப்பேன்," என்றான் ஷைஜு. போனை வைத்தபோது பிரைட்டனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி வழியில் இருக்கும் வில்லுக்குறி வரைக்கும்கூட வரவில்லை.

விசயத்தைக் கேட்ட லீமா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள். "எனக்க அண்ணன்தான். எனக்குச் சந்தோசம்தான். ஆனா நீங்க செஞ்சது கொள்ளாது," என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஷைஜு ஒரு டப்பா முந்திரிக்கொத்துப் பலகாரத்தோடு வந்துவிட்டான். வரும் வழியில் கடற்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறான். வாசலில் நுழையும்போதே, "இன்னாசி அண்ணே, கேட்டீங்களா? நாந்தான் ஞானத்தகப்பன். மச்சான் கூப்பிட்டு சொல்லிட்டாரு," என்றான்.

இன்னாசி குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தான். பிரைட்டனைப் பார்த்தான். பிரைட்டன் டப்பாவைத் திறப்பதில் மும்முரமாக இருந்தான்.

"ரொம்ப சந்தோசம்," என்றான் இன்னாசி. எழுந்து உள்ளே போய்ப் பார்சலை எடுத்து வந்தான். "ஞானத்தகப்பன் உடுப்பு கொண்டு வரணும்ல. ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். நீங்க குடுத்ததாவே இருக்கட்டும்." ஷைஜுவின் கையில் கொடுத்துவிட்டு, காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று கடல் பக்கம் இறங்கிப் போனான்.

லீமா பிரித்தாள். வெள்ளைக் கவுன், லேஸ் வைத்த தொப்பி, விரல் நீளத்தில் இரண்டு காலுறை. பிள்ளையின் மேல் வைத்துப் பார்த்தாள். தோளும் சரி, நீளமும் சரி, அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. பிள்ளையைக் கையில் கிடத்தி முழங்கையிலிருந்து பார்த்தவன் எதற்காகப் பார்த்தான் என்று பிரைட்டனுக்கு அப்போதுதான் உறைத்தது.

வாயைத் திறந்தான். ஷைஜு அதற்குள் கவுனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "சின்னதா இருந்தாலும் என்ன ஒரு கனம் பாருங்க மச்சான்," என்றான், கண் நிறைந்து. இவனிடம் போய் நீ வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். இனி மாற்றினால் லீமாவின் வீட்டுக்காரர்கள் இந்தப் படியேற மாட்டார்கள். திறந்த வாயில் பிரைட்டன் ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துப் போட்டுக்கொண்டான். கல்லை மெல்லுவது போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராஜகுமார் ஒரு கூடைப் பூவோடு வந்தான், சிஜினும் வந்தான். சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். வெள்ளைக் கவுனில் கிடந்த பிள்ளையை ஷைஜு ஏந்தி நின்றான். இன்னாசி கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ராஜகுமாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மெதுவாகப் பிரைட்டன் பக்கம் வந்து காதில் கேட்டான்.

"இன்னாசி ஏன் அங்க நிக்கான்? அவன்தானே பிள்ளையத் தூக்கணும்?"

பிரைட்டன் சாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரூம்ல எப்பவும் இதே பேச்சுதான் அண்ணே. பிரைட்டனுக்கு ஒரு பிள்ள பொறக்கணும், நாந்தான் தூக்கணும். உங்க பேரக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு. எங்களையெல்லாம் மக்கான்னு கூப்பிடுவான். கூப்பிட்டுட்டு, இது பிரைட்டன் சொல்லித் தந்ததுன்னு சேத்துச் சொல்லுவான்."

அன்று சாயங்காலம் நாகர்கோவில் ஜங்ஷனில் இன்னாசியை ரயில் ஏற்றிவிட பிரைட்டனும் ஷைஜுவும் போனார்கள். பிரைட்டன் சொல்ல வேண்டியதை வழி நெடுக மனசுக்குள் கோர்த்துக்கொண்டு வந்தான். பிளாட்பாரத்தில் ஷைஜு ஒரு நிமிசம் விலகிப் போனால் சொல்லிவிடலாம். அவன் விலகவே இல்லை. இன்னாசியின் பையைச் சுமந்துகொண்டு, அண்ணே அண்ணே என்று கூடவே ஒட்டிக்கொண்டு நின்றான். வண்டி கிளம்ப விசில் ஊதியது.

இன்னாசி படியில் ஏறி நின்று ஷைஜுவின் கன்னத்தில் தட்டினான். "பிள்ளையப் பாத்துக்க மக்கா," என்றான்.

பிறகு பிரைட்டன் பக்கம் திரும்பிக் கையைக் கொடுத்தான்.

"வர்றேன் பிரைட்டன்."

இத்தனை வருசத்தில் இன்னாசி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.