ருசி கெட்ட மைக்ரோவேவ்

எங்கள் வீட்டு மைக்ரோவேவுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டுப்போனது என் புருஷனுடைய நாக்கு.

இவர் செல்லசாமி, இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர். தினமும் காலை பதினொரு மணிக்குத் தோட்ட மேனேஜரான பெரிய துரைக்கு முன்னால் நின்று, முதல் நாள் அரைத்த தேயிலையைக் கோப்பை கோப்பையாக உறிஞ்சித் துப்பி, எது நல்லது எது மட்டம் என்று சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்ததும் இவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது போகிற போக்கில் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? எங்கள் ஊர் ஈரத்தில் உப்பும் சீனியும் ஒன்றுபோலக் கட்டிதட்டிப் போகும். ஒரு நாள் சீனி என்று நினைத்து இரண்டு கரண்டி உப்பை, மைக்ரோவேவில் சுட வைத்த இவர் தேநீரில் போட்டுவிட்டேன். நான் போத்தலில் இருந்ததை நக்கிப் பார்த்துத் திகைத்து நிற்கும்போது மனிதர் கடைசிச் சொட்டையும் குடித்து முடித்திருந்தார். என் முகத்தையே பார்த்தார்.

“இந்த மெஷின்ல சுட வச்சா எதுவும் நல்லா இல்ல பூரணம். இது பழுதாப் போச்சு,” என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் அதை இவரிடம் சொல்ல முடியுமா? நாக்கு போனது இவருக்கே தெரிந்தால் மனிதர் உடைந்து போவார். ஊருக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலையோடு குவாட்டர்ஸும் போகும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. “ஆமாங்க, எனக்கும் அப்படித்தான் இருக்கு,” என்று பழியை மெஷின் தலையில் போட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் எதைக் கொடுத்தாலும், “நீ முதல்ல ஒரு வாய் பாரு,” என்றார். இருபத்தெட்டு வருடம் கழித்துப் பாசம் வந்திருக்கிறதே என்று பூரித்துப்போனேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

சித்திரை பிறந்ததும் புது மைக்ரோவேவ் வாங்க ஹட்டன் டவுனுக்குப் போவதென்று முடிவானது. பழையது கட்டாரில் வேலை செய்யும் மகள் கொண்டு வந்தது. அடுப்பு வைக்கும் சிமெந்துத் தட்டுக்குக் கீழே, அதன் அகலத்துக்கே தோட்டத்து மேசன் ஒரு பொந்து கட்டித் தந்திருந்தார். இவர் பொந்தைச் சணல் கயிற்றால் அளந்து இரண்டு முடிச்சுப் போட்டார். அதோடு நின்றாரா? தொழிற்சாலையிலிருந்து வெள்ளைக் கோப்பைகள், கரண்டி, ஒரு பொட்டலம் தேயிலை எல்லாவற்றையும் பையில் எடுத்து வைத்தார்.

“எதுக்குங்க இதெல்லாம்?”

“ருசி பாக்காம மெஷின் வாங்குறதா?”

ஊர் முன்னால் குட்டு உடையப் போகிறதே என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மின்சாதனங்கள் விற்கும் முத்துலிங்கத்தின் கடையில் நான்கு மைக்ரோவேவ் இருந்தன. நான்கிலும் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்றார் இவர். முத்துலிங்கம் நான்கையும் ஒரே நேரத்தில் போட்டார். கடையில் மின்சாரம் போனது, பக்கத்து சலூனிலும் போனது. பாதித் தலை வெட்டிய ஒருவர் துண்டோடு வந்து வாசலில் நின்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சுட வைத்தார்கள். இவர் தேயிலையை ஊறப்போட்டு, கோப்பைகளை வரிசையாக வைத்து, விற்பனைக்கு இருந்த புது பேசின் ஒன்றைத் துப்புவதற்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

“என்ன நடக்குது?” என்று யாரோ கேட்டார்கள்.

“டீமேக்கரய்யா கரண்ட்டோட ருசியப் பாக்குறாரு,” என்றார் பாதித்தலைக்காரர்.

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தன் வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலைக் கொண்டு வரவா என்று கேட்டார். முத்துலிங்கம் ஒரு குளிர்ப்பெட்டியைத் திறந்து, “இதுல உள்ள தண்ணியையும் ஒரு வாய் பாருங்கய்யா, வித்துருவேன்,” என்றார்.

இவர் கோப்பையை எனக்கு நீட்டினார். நான் குடித்தேன். பிறகு இவர் சத்தமாக உறிஞ்சித் துப்பி, “மட்டம்,” என்றார். இரண்டாவதற்கும் அதே கதை. அதற்குள் முத்துலிங்கத்தின் மனைவி நாகலெட்சுமி உள்ளேயிருந்து வந்தாள். கடை தேடி வந்த மனிதர் சீனி இல்லாத வெறும் சாயத்தைக் குடிக்கிறாரே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. இவர் துப்பக் குனிந்த நேரம் பார்த்து மூன்றாவது கோப்பையில் மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கினாள். நான் பார்த்துவிட்டேன்.

இப்போது இவர் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாவிட்டால் நாகலெட்சுமி சும்மா இருக்க மாட்டாள். சீனி போட்டதைச் சொல்வாள். ஹட்டன் முழுக்கத் தெரிந்துவிடும். கோப்பையைத் தட்டிவிடலாமா என்று யோசிப்பதற்குள் இவர் அதை என் வாயருகே நீட்டிவிட்டார். குடித்தேன். சீனிப்பாணி மாதிரித் தித்தித்தது; கண் தானாகவே கூட்டத்தைச் சுற்றியது. இவர் என்னைப் பார்த்தார். பிறகு உறிஞ்சினார், துப்பினார், கரண்டியை மேசையில் தட்டினார்.

“யாரு இதுல சீனி போட்டது?”

நாகலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “என்னா நாக்குடா சாமி!” என்று பாதித்தலைக்காரர் கை தட்டினார். நாக்கு திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு அழுகையே வந்தது. நான்காவது மெஷினை ‘நல்லது’ என்று எடுத்தோம். கயிற்றைப் பிடித்து அளந்தும் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் புது மெஷின் பொந்துக்குள் போகவில்லை. இரண்டு விரல் அகலம் கூட. கயிற்றில் அகலத்துக்கு ஒரு முடிச்சு, ஆழத்துக்கு அதைவிடத் தள்ளி ஒரு முடிச்சு. கடையில் ஆழத்து முடிச்சை அகலத்துக்குப் பிடித்துவிட்டோம். கூட்டம் கை தட்டிய சந்தோஷத்தில் யார் கவனித்தது? இவர் புதிதைத் தரையில் இறக்கி வைத்தார். பிறகு பழைய மெஷினைத் தூக்கிப் பொந்துக்குள் தள்ளினார்.

“இதுவே போதும். இது நல்லாத்தான இருக்கு.”

“மூணு மாசமா பழுதுன்னீங்களே!”

“ஏதாவது ஒண்ணு பழுதுன்னு சொல்லணுமே,” என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

இவர் பக்கத்தில் போய் நின்றேன். “அப்ப சீனி போட்டது எப்படித் தெரிஞ்சுச்சு?”

“உப்புன்னா கண்ணச் சுருக்குவ. கசப்புன்னா என்னையத் திட்டுவ. புகைன்னா மூக்கத் தேய்ப்ப. டாக்டர் ஒனக்கு இனிப்பு வேணாம்னு சொன்னதுலருந்து, இனிப்பு வாயில பட்டா மட்டும் யாரும் பாக்குறாங்களான்னு சுத்திப் பாப்ப.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இத்தனை நாளும் நான் இவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“தொரைகிட்ட எப்படிச் சமாளிச்சீங்க?”

“நேத்துச் சொன்னதையே இன்னைக்கும் சொன்னேன். இனி முடியாது பூரணம். அவரு சந்தேகப்படுறாரு.” மெஷினின் கதவைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “நாளைக்குப் பெக்டரிக்குச் சாப்பாடு கொண்டாறியா? பதினோரு மணிக்கு.”

“பதினோரு மணிக்கு என்ன சாப்பாடு?”

“என்னமாவது கொண்டா. வந்து எனக்கு முன்னால நில்லு.”

மறுநாள் டிபன் கேரியரோடு போனேன். வந்த அம்மாவுக்கும் தேத்தண்ணி கொடுங்க என்று துரையே சொன்னார். இவர் முதல் கோப்பையை என்னிடம் நீட்டினார். ஒரு வாய் குடித்தேன். தேத்தண்ணியில் அடுப்படிப் புகை நெடி. முகத்தைச் சுளித்து மூக்கைத் தேய்த்தேன்.

இவர் ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

“புகை அடிச்சிருக்கு சார்,” என்றார்.